ஜப்பானிய மலையூரில் வெட்டிய வரி

எல்லைப் போராட்டம் மும்முரமாக இருந்த காலத்தில் நான் ஜப்பானுக்கு ஓடிப்போய் ஒளிந்துகொண்டேன் என்று குன்னத்துகாலில் இன்றும் சிலர் சொல்வதுண்டு. நான் ஓடவில்லை, இலாகா என்னை அனுப்பியது. ஒளியவுமில்லை, ஆறு வாரம் முடிந்ததும் வந்து சேர்ந்தேன். இந்தப் பேச்சுக்கு இவ்வளவு பதில் போதும். ஆனால் இன்னொரு பேச்சும் உண்டு. எங்கள் ஊர் சென்னை ராஜ்யத்தோடு சேராமல் போனதற்கு, மனுவில் நான் வெட்டிய ஒரு வரிதான் காரணம் என்பது அது. அந்த வரியை ஏன் வெட்டினேன் என்பதற்கு இதுவரை பலரிடம் பல சந்தர்ப்பங்களில் ஒரே விளக்கத்தைக் கொடுத்து வந்திருக்கிறேன். அது பொய்யன்று. முழு உண்மையும் அன்று.

அப்போது நான் திருவிதாங்கூர்-கொச்சி அரசின் விவசாய இலாகாவில் இருந்தேன். ஜப்பானிய முறை நெல் சாகுபடி என்று ஒன்று நாடு முழுவதும் பேசப்பட்ட காலம். நாற்றைக் கண்டபடி ஊன்றாமல், கயிறு பிடித்து, வரிசை வரிசையாக, ஒற்றை நாற்றாக நடவேண்டும். நெய்யாற்றின்கரையிலிருந்து பாறசாலை வரை ஏலா என்று நாங்கள் சொல்லும் ஒவ்வொரு வயற்பரப்பிலும் கால்சட்டையை முழங்கால்வரை மடித்துவிட்டு இறங்கி இதைச் செய்துகாட்டியவன் நான். 'கயிறு சார்' என்று ஒரு பெயர் எனக்கு வைக்கப்பட்டிருந்தது என்பதைப் பிற்பாடு அறிந்தேன். முகத்துக்கு நேரே எவரும் அவ்வாறு அழைத்ததில்லை.

அந்த முறையை அதன் பிறந்த இடத்திலேயே கண்டுவரப் பல ராஜ்யங்களிலிருந்தும் அலுவலர்களைத் தேர்ந்தெடுத்தபோது, எங்கள் இலாகாவிலிருந்து இருவர் போனோம். ஒருவர் குட்டநாட்டுக்காரர், மலையாளி. மற்றவன் நான்.

செய்தி வந்த வாரத்திலேயே என் மனைவியின் தம்பி வீட்டுக்கு வந்தான். பாறசாலைச் சந்தையருகே ஜவுளிக்கடை வைத்திருந்தான். எங்கள் பகுதி எல்லைக் கமிட்டிக்குச் செயலாளன். ராஜ்ய எல்லைகளை ஆராயும் கமிஷனிடம் எங்கள் சுற்றுவட்டார மக்கள் சார்பில் ஒரு மனுக் கொடுக்க வேண்டும் என்று கமிட்டி தீர்மானித்திருந்தது. அதை ஆங்கிலத்தில் எழுத ஆள் வேண்டும்.

"அத்தான் எழுதினா அதுக்க மதிப்பே வேறயாக்கும்," என்றான். "பி.ஏ. படிச்ச ஆளு நம்ம பக்கத்துல வேற ஆரு உண்டு? திருப்புறத்துல ஒருத்தரு உண்டு, அவரு பாதி இங்கிலீஷ், பாதி இருமல்."

"எழுதலாம். ஆனால் நான் சர்க்கார் உத்தியோகஸ்தன்."

"எழுதுகது ஆருன்னு காயிதத்துல இருக்காது. ஒப்புப் போடுகது மட்டுந்தான் இருக்கும்." சிறிது நிறுத்திவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "ஆனா, மொத ஒப்பு அத்தானுக்க ஒப்பா இருக்கணும்னு ஆளுவ சொல்லுதாவ."

என் மனைவி உள்ளேயிருந்து, "லேய், ஒனக்கு வேற வேல இல்லியா? இவிய சோலி போனா நீயா சோறு போடுவ?" என்றாள்.

"நீ சும்ம இரு அக்கா. சப்பானுக்குப் போறேன்னு சொல்லி ஒப்புப் போடாம போனா, அத்தான் பயந்து ஓடிட்டாவன்னு நாளைக்கே பேச்சு வரும். அது எனக்குத்தான் கொறச்சல்."

அன்று விஷயம் எப்படி நின்றது என்பதை அவன் சரியாகவே சொல்லிவிட்டான். கையொப்பம் இட்டால் உத்தியோகம் ஆபத்தில். இடாவிட்டால் ஊரில் என் பெயர் ஆபத்தில். தெற்கே ஊர்வலங்களும் கைதுகளும் நடந்துகொண்டிருந்தன. அங்கே உடலைக் கொடுத்தவர்கள் இருந்தார்கள். என்னிடம் கேட்டது ஒரு கையெழுத்து மட்டுமே. இந்த எண்ணம் என்னை நிம்மதியாக உட்காரவிடவில்லை.

மனுவின் நடுப்பகுதியை அன்றே எழுதி அவனுக்குப் படித்துக்காட்டினேன். மூன்றாம் பக்கத்தில் ஒரு வாக்கியம் இருந்தது. தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'மொழியால் மட்டுமன்று, உணவால், உடையால், வழிபாட்டால், வாழ்முறை முழுவதாலும் இம்மக்கள் மலையாள நாட்டுக்கு அந்நியராவர்.' அவன் அதை மூன்று முறை படிக்கச் சொன்னான். பிறகு மனப்பாடமாகச் சொன்னான்.

"இது போதும் அத்தான். மத்ததெல்லாம் இலையில வச்ச உப்பு மாதிரி, இருந்தா இருக்கட்டு. கமிஷன் இத வாசிச்சா பேனாவ கீழ வச்சிரும்."

நான் கிளம்புவதற்குள் அந்த வாக்கியம் குன்னத்துகாலிலிருந்து காஞ்சிரங்குளம் வரை போய்ச் சேர்ந்துவிட்டது. துணி அளந்துகொண்டே அவன் வாடிக்கைக்காரர்களுக்கு அதைச் சொல்லிக்காட்டினான் என்று கேள்வி. மனுவை வழியில் முடித்து, அங்கிருந்து விமானத் தபாலில் அனுப்புவதாக வாக்குக் கொடுத்தேன். கையொப்பம் பற்றி வாக்கு எதுவும் கொடுக்கவில்லை. அவனும் வற்புறுத்தவில்லை, அதுதான் என்னை அதிகம் வருத்தியது.

ஜப்பானில் முதல் மூன்று வாரங்களை நான் முறையாகவே கழித்தேன். நாற்றங்கால், உரக்குழி, களையெடுக்கும் கைக்கருவி, அறுவடை எல்லாவற்றையும் குறிப்பெடுத்தேன். ஆனால் எதைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் என் இடக்கை கோட்டின் உள்பையைத் தொட்டுத் தொட்டு வந்தது. மனு அங்கே இருந்தது. எழுதி முடித்து, சுத்தப்பிரதி எடுத்து, தலைப்பில் கொல்லம் ஆண்டுத் தேதியும் போட்டிருந்தேன். கையொப்பத்துக்கான இடம் மட்டும் வெறுமையாக இருந்தது.

எங்கள் குழுவில் தஞ்சாவூர்க்காரர் ஒருவர் இருந்தார். சென்னை ராஜ்ய விவசாய அலுவலர். நல்ல சரீரம், உரத்த சிரிப்பு. தமிழர்கள் என்பதால் எங்கள் இருவரையும் ஒரே அறையில் போட்டிருந்தார்கள். நான் எழுதுவதைப் பார்த்தவர் விஷயத்தையும் கேட்டறிந்துகொண்டார். அன்றிலிருந்து தினமும் காலையில் பல் துலக்கும்போது, "என்ன சார், கையெழுத்துப் போட்டாச்சா? நாங்க மாலையோட காத்துண்டிருக்கோம்," என்பார். குட்டநாட்டுக்காரருக்கு இந்த விஷயம் தெரியாது என்று நான் நினைத்திருந்தேன். அவர் காதில் விழும்போது நான் பேச்சை மாற்றுவேன். அவரும் ஒன்றும் கேட்டதில்லை.

நான்காம் வாரத்தில், க்யூஷு தீவின் பட்டணம் ஒன்றில் நாங்கள் தங்கியிருந்தபோது மைத்துனனின் கடிதம் வந்தது. விருச்சிகம், அதாவது கார்த்திகை மாதம், பிறப்பதற்குள் மனு கையில் கிடைக்க வேண்டும் என்றும், பிறந்துவிட்டால் கமிஷன் முன் வைக்க வழியில்லை என்றும் எழுதியிருந்தான். கடைசியில் இரண்டு வரி: 'அத்தானுக்க அந்த வாக்கியத்த நேத்து கூட்டத்துல வாசிச்சேன். கைதட்டு நிக்க நேரம் ஆச்சு.' கணக்குப் பார்த்தேன். இரண்டொரு நாளில் தபாலில் சேர்க்காவிட்டால் போய்ச் சேராது. ஆனால் மறுநாள் அதிகாலையிலேயே எங்களை மலைக்குள் கூட்டிச் செல்ல ஏற்பாடாகியிருந்தது.

அந்த மலையூரின் பெயரை நான் ஒருபோதும் சரியாக உச்சரித்ததில்லை. தவறாக எழுதுவதைவிட எழுதாமல் விடுவது மேல். மலைச்சரிவில் படிப்படியாக வயல்கள் உள்ள ஊர் அது. பாறையைக் குடைந்து, பல மைல் தூரத்திலிருந்து வாய்க்காலில் தண்ணீர் கொண்டுவந்து பாய்ச்சுகிறார்கள். அதைக் காட்டத்தான் எங்களை அழைத்துப் போனார்கள். பஸ் ஒரு பக்கம் மலையையும் மறுபக்கம் பள்ளத்தையும் உரசிக்கொண்டு போயிற்று. ஒவ்வொரு வளைவிலும் தஞ்சாவூர்க்காரர் கண்ணை மூடிக்கொண்டார். சமவெளிக்காரர், பாவம். எங்களுக்கு மொழிபெயர்ப்பாளராக வந்தவர் அவ்வூர்ப் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர். மெலிந்தவர், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் மன்னிப்புக் கேட்பவர்.

இறங்கியதும் நான் அவரிடம் கேட்ட முதல் கேள்வி, தபாலாபீஸ் எங்கே என்பதுதான்.

இருக்கிறது என்றார். ஆனால் தபால் பஸ் நாளுக்கு ஒருமுறை, மாலை மூன்றரைக்கு. இன்றைய பஸ்ஸை விட்டால் அடுத்த இரண்டு நாளும் ஊரில் திருவிழா, தபால் எடுக்கமாட்டார்கள். மன்னிக்க வேண்டும்.

வயல்களைப் பார்த்து முடித்ததும் மலையிடுக்குக்குக் கூட்டிப்போனார்கள். அதை நான் நியாயமாக வர்ணிக்க வேண்டும். ஆறு மிக ஆழத்தில் ஓடுகிறது. இருபுறமும் கருங்கல் சுவர்; சுவர் என்பதும் சரியல்ல. பனந்தடிகளை நெருக்கமாக நிறுத்தி அடுக்கியதுபோல, பட்டை பட்டையாகச் செதுக்கிய தூண்களாகவே அந்தப் பாறை முழுவதும் நிற்கிறது. எரிமலைக் குழம்பு குளிர்ந்தபோது அப்படி வெடித்தது என்று ஆசிரியர் விளக்கினார். தண்ணீரின் நிறம் வாழைக் குருத்தின் நிறம். ஒரு பக்கத்து உச்சியிலிருந்து வெள்ளையாக ஓர் அருவி விழுகிறது. சிறு படகில் எங்களை அதன் அடி வரை கொண்டுபோனார்கள். மற்றவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். சாரல் கோட்டின்மேல் விழுந்தபோது உள்பையை இரு கையாலும் மூடிக்கொண்டேன்.

"சாரினு தணுக்குந்நுண்டோ?" என்றார் துடுப்பருகே இருந்த குட்டநாட்டுக்காரர், குளிர்கிறதோ என்று.

"இல்ல, இல்ல," என்றேன்.

"பின்னே எந்தினா நெஞ்சு பொத்திப் பிடிச்சிரிக்குந்நது?" என்றார், நெஞ்சை ஏன் பொத்திப் பிடித்திருக்கிறேன் என்று.

தஞ்சாவூர்க்காரர் சிரித்தார். கரையேறும்போது ஆசிரியர் அவ்வூரின் பழங்கதையைச் சொன்னார். சூரியனாகிய தேவி, தம்பி செய்த அட்டகாசத்தில் மனம் வெறுத்து, பக்கத்து மலைக் குகை ஒன்றுக்குள் போய்க் கல்லால் வாயிலை அடைத்துக்கொண்டாளாம். உலகம் இருண்டுபோயிற்றாம். மற்றத் தெய்வங்கள் குகை வாசலில் ஆடிப்பாடிக் கும்மாளமிட்டன. என்ன சத்தம் என்று அவள் எட்டிப் பார்த்தபோது இழுத்து வெளியே கொண்டுவந்தனவாம். தஞ்சாவூர்க்காரர் என் காதருகே, "கேட்டீரா ஓய்? அவளும் உம்மை மாதிரிதான். உமக்கு மச்சினன், அவளுக்குத் தம்பி. தொல்லை பொறுக்காம குகைக்குள்ளே போய்ட்டா," என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கோயிலுக்கு வந்து சேர்ந்தபோது மணி ஒன்றரை. இரு மரத்தூண்களின்மேல் இரு உத்திரங்களை வைத்த வாயில். அதற்குக் கதவும் இல்லை, மதிலும் இல்லை. உள்ளே, நாலைந்து பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத தேவதாரு மரங்கள். வாசல்மீது ஒரு பெரிய வைக்கோற் புரி கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். நான் நெல்லுக்காரன், அதை நின்று பார்த்தேன். கதிர் முற்றுவதற்கு முன்பே அறுத்துப் பதமாக உலர்த்திய வைக்கோல், பச்சை முழுவதும் போகாமல் இருந்தது. இவ்வளவு நல்ல வைக்கோலைக் கயிறாக்கும் ஊரில் தெய்வத்துக்கு மதிப்பு இருக்கத்தான் வேண்டும் என்று நினைத்தேன். வெளிநாட்டு விருந்தினர் என்பதால் ஊர்த் தலைவர் கறுப்பு உடையில் வந்து நின்றார். பள்ளிக் குழந்தைகள் ஐம்பது பேர் காகிதக் கொடிகளுடன் இரு வரிசையாக நின்றார்கள். வெள்ளுடை உடுத்திய வயதான பூசாரி படியில் நின்று எங்களை வணங்கினார். கல்தொட்டியில் மூங்கில் அகப்பையால் மொண்டு கைகழுவி, வாய் கொப்பளித்தோம்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் எவரிடமும் சொன்னதில்லை. என் மனைவியிடமும் சொன்னதில்லை.

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வாயிலை நோக்கித் திரும்பினேன். கோட்டைக் கழற்றிக் கைமேல் போட்டேன். கழுத்துப்பட்டையை அவிழ்த்தேன். சட்டைப் பொத்தான்களைக் கழற்றினேன். பனியனையும் தலைவழியே உருவி எடுத்தேன். இவற்றில் எதையும் நினைத்துச் செய்யவில்லை. பிறந்ததுமுதல் எங்கள் ஊர்ச் சாஸ்தா கோயிலாயினும் சரி, நெய்யாற்றின்கரைக் கிருஷ்ணன் கோயிலாயினும் சரி, மேலுடம்பில் துணியோடு நான் நடை தாண்டியதில்லை. தண்ணீர் தொட்டால், நடை தெரிந்தால், கை தானாகப் பொத்தானுக்குப் போகும்.

குழந்தைகளின் வரிசையில் யாரோ ஒரு பெண்குழந்தை 'ஹா' என்றது. பிறகு வரிசை முழுவதும் அடக்கிய சிரிப்பு ஓடியது. அப்போதுதான் குளிர் உறைத்தது. நிமிர்ந்து பார்த்தேன். குழுவில் வந்த அத்தனை பேரும் கோட்டும் தொப்பியுமாக நின்றார்கள். வெற்றுமேலாக நின்றது இருவர். எனக்கு இரண்டடி தள்ளி, மயிர் சிலிர்த்த மார்போடு, சட்டையை என்னைப் போலவே நான்காக மடித்து, என்னைப் போலவே இடக்கையில் போட்டுக்கொண்டு நின்றவர் குட்டநாட்டுக்காரர்.

ஊர்த் தலைவர் கலவரமடைந்தார். விருந்தினரின் முறை இதுதான் போலும் என்றெண்ணி, அவரும் தம் கறுப்பு மேலங்கியின் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினார். ஆசிரியர் ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். தஞ்சாவூர்க்காரர் ஒரு மரத்தில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"சார்! என்ன சார் இது, குஸ்திக்கா வந்திருக்கோம்?"

"கோயில்," என்றேன்.

"நாங்களும் கோயிலுக்குப் போறவாதான். துண்டை இடுப்பிலே கட்டிண்டு கும்பிடுவோம். எங்க ஊர்லே சட்டையை யார் கழட்டச் சொன்னா? ஐயோ, இத்தனை நாளா உம்மைத் தமிழர்னு நம்பிண்டு ஒரே ரூம்லே படுத்திருக்கேனே! பாரும், அவர் ஒரு பொத்தான், நீர் ஒரு பொத்தான். ரெண்டு பேரும் டிரில் பண்ணின மாதிரி!"

பூசாரி இதற்குள் படியிறங்கி வந்துவிட்டார். ஆசிரியரிடம் ஏதோ சொன்னார். ஆசிரியர், "மன்னிக்க வேண்டும். தெய்வம் கோபித்துக்கொள்ளாது, குளிர் கோபித்துக்கொள்ளும் என்கிறார். தயவுசெய்து உடுத்திக்கொள்ளுங்கள். இது எந்த நாட்டு முறை என்றும் கேட்கிறார்," என்றார்.

"எங்கள் நாட்டு முறை," என்றார் குட்டநாட்டுக்காரர் உடனே, ஆங்கிலத்தில். சொல்லும்போது தம்மையும் என்னையும் கையால் சுட்டினார்.

"எங்கள் நாட்டில் இல்லை," என்றார் தஞ்சாவூர்க்காரர், அதுவும் ஆங்கிலத்தில், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

ஆசிரியர் சின்னக் குறிப்பேட்டை எடுத்தார். நாங்கள் மூவரும் ஒரே தேசத்தவர் என்று அவருக்குச் சொல்லியிருந்தார்கள். இப்போது குழம்பிப்போய் என்னிடம் கேட்டார்: "மன்னிக்க வேண்டும். தாங்கள் இவர்கள் இருவரில் யாருடைய நாடு?"

அந்தக் கேள்விக்குத்தான் பதினொரு பக்கத்தில் பதில் எழுதிக் கோட்டின் உள்பையில் வைத்திருந்தேன். கோட்டு கைமேல் கிடந்தது. உறையின் விளிம்பு வெளியே தெரிந்தது. பனியனை மாட்டிக்கொள்வதாகத் தலையைத் துணிக்குள் நுழைத்துக்கொண்டேன். தேவைக்கு மேல் சற்று நேரம் அங்கேயே இருந்தேன்.

வழிபாடு முடிந்து படியிறங்கும்போது குட்டநாட்டுக்காரர் என் தோளருகே வந்து, "சாரே, நம்மள் ரெண்டும் ஒரே மாதிரி பொட்டன்மாராணல்லோ," என்றார். இருவரும் ஒரே ரக மடையர்கள் என்று. என்னையறியாமல் சிரித்துவிட்டேன். மலையாளத்திலேயே ஏதோ பதில் சொன்னேன். என்ன சொன்னேன் என்பது நினைவில்லை. மலையாளத்தில் சொன்னேன் என்பது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

மணி இரண்டே முக்கால். மற்றவர்கள் தேநீருக்குப் போனார்கள். நான் தபாலாபீசுக்குப் போனேன். குட்டநாட்டுக்காரர், தமக்கும் வீட்டுக்கு ஒரு கடிதம் போடவேண்டும் என்று கூடவே வந்தார். மறுக்க எனக்கு ஒரு காரணமும் அகப்படவில்லை.

ஒரே அறையுள்ள தபாலாபீஸ். நடுவில் கரியடுப்பு, அதன்மேல் கெட்டில். சாய்வு மேசையில் மனுவை விரித்து மூன்றாம் பக்கத்தைத் திருப்பினேன். 'வழிபாட்டால், வாழ்முறை முழுவதாலும் அந்நியராவர்.' என் கையெழுத்து அழகானது, எல்லோரும் சொல்வார்கள். அந்த வரி பக்கத்தின் நடுவே கம்பீரமாக நின்றது. தலைப்பில், மலையாளக் கணக்கின்படி நான் போட்ட கொல்லம் ஆண்டுத் தேதி அதைப் பார்த்துக்கொண்டிருந்தது.

எனக்குள்ளேயே ஒரு வழக்கு நடத்தினேன் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. திருச்செந்தூரிலும் சட்டையைக் கழற்றத்தானே செய்கிறார்கள்? அது தமிழ்நாடில்லையா? ஒரு கோயில் வழக்கத்தைக் கொண்டு ஒரு ஜனத்தை எடைபோட முடியுமா? என் தாய் என்னைத் தாலாட்டியது தமிழில். நான் படித்த முதல் எழுத்து தமிழ். பள்ளியில் அதைப் படிக்க இடமில்லாமல் எங்கள் பிள்ளைகள் திண்டாடினார்கள். மனுவின் மற்றப் பத்துப் பக்கமும் அந்த உண்மையைத்தான் சொல்லிற்று. அதில் ஒரு சொல்லையும் இன்றைக்கும் நான் மாற்றமாட்டேன். வழக்கில் நானே வாதி, நானே வக்கீல். ஜெயித்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் பக்கத்து மேசையில் நாக்கைத் துருத்திக்கொண்டு தபால்தலை ஒட்டிக்கொண்டிருந்த அந்த மனிதரைப் பார்த்தபோது, 'அந்நியர்' என்று நான் எழுதியிருந்தது யாரை என்ற கேள்வி வந்தது.

பேனாவைத் திறந்து அந்த வாக்கியத்தின்மேல் கோடு போட்டேன். மொழியைப் பற்றிய மற்ற வரிகளைத் தொடவில்லை.

சர்க்கார் உத்தியோகத்தில் எனக்குக் கைவந்த பழக்கம் ஒன்று உண்டு. எந்தத் தஸ்தாவேஜிலும் அடித்தல் இருந்தால் அதன் ஓரத்தில் அடித்தவன் தன் சுருக்கொப்பத்தை இடவேண்டும். இல்லாவிட்டால் வேறொருவன் பின்னால் புகுந்து அடித்ததாகும். கை ஓரத்துக்குப் போய் நின்றது. எங்கள் ஊரில் கைதட்டு வாங்கிய வாக்கியத்தை நான் வெட்டிவிட்டு, பெயரில்லாமல் அனுப்பினால், வெட்டியது யார்? மனுவைக் கையில் வாங்குகிற மைத்துனனா? கமிட்டியில் அவன்மேல்தான் சந்தேகம் விழும். சுருக்கொப்பம் வேண்டும். சுருக்கொப்பம் இருந்தால், அதற்குரிய முழுக் கையொப்பம் கடைசிப் பக்கத்தில் இருக்கவேண்டும். உத்தியோகமா ஊரில் பெயரா என்று ஐந்து வாரம் நான் தடுமாறிய விஷயத்தை, ஓர் ஆபீஸ் விதி ஒரு நிமிஷத்தில் தீர்த்துவிட்டது. ஓரத்தில் சுருக்கொப்பம் இட்டேன். கடைசிப் பக்கத்தில், முதல் வரிசையில், முழுப்பெயரும் ஊரும் தமிழில் எழுதினேன்.

குட்டநாட்டுக்காரர் நான் எழுதுவதைப் பார்த்தார். முகவரியையும் பார்த்திருப்பார். "வீட்டிலேக்காணோ?" என்றார். வீட்டுக்குத்தான் என்றேன். தலையசைத்தார். மூன்றரை மணி பஸ் பத்து நிமிஷம் தாமதமாகப் புறப்பட்டது. அது வளைவில் மறையும்வரை நான் வெளியில் நின்றேன். நிம்மதி வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை.

மனு நேரத்துக்குள் போய்ச் சேர்ந்தது. திருத்தி எழுத அவகாசமில்லை. என் சுருக்கொப்பம் இருந்ததால் வெட்டியதை மறைக்கவும் வழியில்லை. அப்படியே கொடுத்தார்கள். நான் திரும்பிவந்த மூன்றாம் நாள் இலாகாவிலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. சில ஆண்டுகள் குட்டநாட்டுக்காரரைச் சந்தேகித்தேன். அது அநியாயம், என் பெயர் முதல் வரிசையில் இருக்கும்போது எவரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. வடக்குக் கோடியில், தமிழ்ச் சத்தமே கேட்காத ஓர் ஆபீசுக்கு மாற்றினார்கள். போனேன். முறையிடவில்லை.

பிறகு கோடு போட்டார்கள். தெற்கே உள்ள தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்துக்குப் போயின. நெய்யாற்றின்கரைத் தாலுகாவைச் சேர்ந்த எங்கள் ஊர்கள் கேரளத்தில் நின்றன. ஒரு மனுவின் ஒரு வரியை வைத்து எந்தக் கமிஷனும் எல்லை போடுவதில்லை என்பதைப் படித்தவர்கள் அறிவார்கள். ஆனால் கைதட்டியவர்களுக்கு அந்த வரி நினைவிருந்தது.

மைத்துனன் பாறசாலைக் கடையை மூடிவிட்டு, களியக்காவிளைக்கு அப்பால், தமிழ்ப் பக்கத்தில் குடியேறினான். போவதற்கு முன் ஒருமுறை வந்து, உட்காராமலே கேட்டான்.

"அத்தான், ஒப்பு போட்டீங்க. சோலி போகும்னு தெரிஞ்சும் போட்டீங்க. அத நான் மறக்கமாட்டேன். ஆனா அந்த வரிய எதுக்கு வெட்டினீங்க?"

"சான்று போதாது," என்றேன். "கமிஷன் சான்று கேட்டால் நிற்காது."

"சான்று போதாதாக்கும்," என்று திருப்பிச் சொன்னான். சற்றுச் சிரித்தான். "செரி அத்தான், வாறேன்." பிறகு பல ஆண்டுகள் நல்லதுகெட்டதுக்கு மட்டுமே பேச்சு.

அவனுடைய மூத்த மகளுக்கு அங்கே ஒரு கோயிலில் கல்யாணம். போகாமல் இருக்க முடியாது. பெண்ணின் தாய்மாமன் இல்லாத வீடு, நான்தான் மூத்தவன். அதிகாலையிலேயே போய்ச் சேர்ந்தேன். அவன் என்னை வாசலில் எதிர்கொண்டு, கோயிலுக்குள் அழைத்துப் போகத் திரும்பினான். நடையருகே குழாயில் இருவரும் கால்கழுவினோம். தண்ணீர் பட்டதும் அவன் கை பொத்தானுக்குப் போயிற்று. என் கையும் போயிற்று. அவன் சட்டையை உருவி, நான்காக மடித்து, இடக்கையில் போட்டான். நானும் போட்டேன்.

அவன் என் மார்பைப் பார்த்தான். வயதாகிவிட்டதே என்று பார்த்திருக்கலாம். தமிழ்ப் பக்கத்துக் கோயில், தமிழ்ப் பக்கத்துக் கல்யாணம், வெற்றுமேலாக நிற்கிற இரண்டு கிழவர்கள். குளிரில்லை. கொடி பிடித்த குழந்தைகள் இல்லை. சொல்லியிருக்கலாம், அதைவிட எளிதான இடம் எனக்குக் கிடைத்திருக்காது. மலையிடுக்கும், தேவதாரு மரமும், மேலங்கியை அவிழ்க்கப் போன ஊர்த் தலைவரும் கண்முன் நின்றார்கள். 'அந்த வரியை ஏன் வெட்டினேன் தெரியுமா' என்று தொடங்க வாயெடுத்தேன். ஐம்பது குழந்தைகள் சிரித்ததையும் சேர்த்துச் சொல்லவேண்டியிருக்கும் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"முகூர்த்தத்துக்கு நேரமாகிறது," என்றேன்.

"வாங்க அத்தான்," என்றான். நான் முன்னே போனேன்.